காக்காயையும் எழுதுங்கள்: உங்கள் பகுதி உயிரினங்களை ஒரு வருஷம் குறித்துவைப்பது எப்படி

"அண்ணே, நம்ம கண்மாய்ப் பக்கம் முன்ன மாதிரி பனங்காடையக் காணோமே, எப்ப இருந்து கொறஞ்சுச்சு?" எங்கள் தெருவில் காலேஜ் படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான். மதுரைக்கு வெளியே அந்தக் கண்மாய்க் கரையில் பத்து வருஷத்துக்கு மேல் நடக்கிறவன் நான், கழுத்தில் பைனாகுலர் வேறு. பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்துப் புரட்டினேன். முதல் ஐந்தாறு வருஷத்து நோட்டில் இருந்ததெல்லாம் "அபூர்வம்" மட்டும்தான்: ஒரு நாள் தலைக்கு மேல் போன பொரி வல்லூறு, ஒரு தடவை வந்து இறங்கிய வரித்தலை வாத்து ஏழு, அதற்குப் பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி. பனங்காடையோ தினமும் கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருந்த பறவை, அதைப் போய் எவன் எழுதுவான் என்று விட்டிருக்கிறேன். ஆறு வருஷம் நடந்தும் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

அதனால் இந்தக் குறிப்பில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். தினமும் பார்க்கிறதை எழுதுங்கள், எத்தனை என்று எண்ணி எழுதுங்கள், இல்லாததை இல்லை என்றும் எழுதுங்கள். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023இல் ஓர் அறிக்கை வந்தது, 942 வகைப் பறவைகளை அலசியது. பனங்காடை நாடு முழுக்கக் குறைந்துவருகிறது என்பதும், குயிலும் மயிலும் கூடிக்கொண்டு போகின்றன என்பதும் அதில் இருக்கிறது. அதற்கு அடிப்படை 30,000க்கும் மேற்பட்ட பறவை பார்ப்பவர்கள் ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகள். கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருந்ததை யாரோ மெனக்கெட்டு எழுதியதால்தான் அது குறைந்தது தெரிந்தது.

சரி, இடம். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் இருக்கும் இடமாகப் பாருங்கள். வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் வருஷத்துக்கு ஒரு முறை போய்வர நன்றாக இருக்கும், ஆனால் ஒரு வருஷப் பதிவுக்கு அவை உதவாது, ஏனென்றால் நீங்கள் 52 வாரமும் அங்கே போகப்போவதில்லை. கண்மாய், ஏரி, ஊருணி, வாய்க்கால் ஓரம், கோயில் நந்தவனம், ஊருக்குப் பின்னாலிருக்கும் கரடு, காலேஜ் வளாகம், மொட்டை மாடிகூடப் போதும். பறவை நிறைய இருக்கிற இடத்தைவிடச் சோம்பல் வந்த நாளிலும் போக முடிகிற இடம்தான் நல்ல இடம். நான் நடப்பது மடையில் (கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் இடம்) தொடங்கிக் கலுங்கு (நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) வரைக்கும், கரைமேல் முக்கால் கிலோமீட்டர் இருக்கலாம். நடுவில் மூன்று இடத்தில் நின்று பார்ப்பேன்: மடைத்தூணுக்கு நேரே, ஒற்றைப் புளியமரத்தடி, கலுங்கு. வருஷம் முழுக்க அதே பாதை, அதே மூன்று இடம். சம்பு அடர்ந்திருக்கும் மூலையில் ஏதோ கத்துகிறது என்று ஒரு வாரம் அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் சுற்றினால் அந்த வாரத்துக் கணக்கு மட்டும் எகிறிக் காட்டும், அப்புறம் பறவை கூடியதா நீங்கள் கூடுதலாகத் தேடினீர்களா என்பது உங்களுக்கே தெரியாது. அப்படித் தேட ஆசையாக இருந்தால் தாராளமாகத் தேடுங்கள், அதைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள்.

எப்போது தொடங்குவது? ஜனவரி ஒன்றாம் தேதி வேண்டாம். டைரி வாங்கிய ஜோரில் எல்லோரும் அன்றைக்குத்தான் தொடங்குகிறார்கள். அப்போது கண்மாயில் தண்ணீர் இருக்கும், வலசை வந்த வாத்தெல்லாம் இருக்கும், முதல் நாளே நாற்பது ஐம்பது வகை எழுதிவிடலாம். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும், சித்திரை வெயிலில் நோட்டு அலமாரிக்குப் போய்விடும். நான் சொல்வது ஆடி. காற்று ஆளைத் தள்ளும், கண்மாய் வெடித்துக் கிடக்கும், காகம், மைனா, நாலு கொக்கு, ஆள்காட்டி என்று பத்துப் பதினைந்து வகைதான் தேறும். உள்ளூர்க்காரர்களை நன்றாகப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆவணி பிறந்து வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக வர வர முகம் புதிதாக இருப்பது சட்டென்று தெரிந்துவிடும், பட்டியலும் வாரத்துக்கு ஒன்றிரண்டாக ஏறிக்கொண்டே போகும், ஆளுக்கும் உற்சாகம் குறையாது.

வாரம் ஒரு நாள் போதும், ஆனால் அந்த ஒரு நாள் தவறக்கூடாது. நான் வெள்ளிக்கிழமை காலை 6.10க்கு மடையில் நிற்பேன், ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கரையில் கிரிக்கெட், மீன்பிடி, பைக் பழகுகிறவர்கள் என்று திருவிழாக் கூட்டம். உங்களுக்கு ஞாயிறுதான் தோது என்றால் எல்லா வாரமும் ஞாயிறே போங்கள், மாற்றி மாற்றிப் போகாதீர்கள். தினமும் போக முடிகிறவர்கள் போகலாம், பதினைந்து நிமிஷம் நின்று எழுதினாலே அது ஒரு பட்டியல்தான். "தினமும் இரண்டு மணி நேரம்" என்று சபதம் போட்டவர் யாரும் கார்த்திகை வரை தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை.

நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் நன்றாக அடிபட்ட இடம் இது. சட்டைப் பையில் போகிற அளவில் கெட்டி அட்டை போட்ட நோட்டு, அதோடு பென்சில். பேனா வேண்டாம். ஒரு புரட்டாசி சாயங்காலம் திடீர் மழையில் நனைந்து, ஜெல் பேனாவில் எழுதிய மூன்று மாதத்துப் பக்கங்கள் நீலச் சாயக் குட்டையாகிவிட்டன, வெயிலில் காயவைத்துப் பார்த்ததில் தேதிகள் மட்டும் தெரிந்தன. பென்சில் எழுத்து நனைந்தாலும் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள், பத்து வினாடி வேலை. போனிலேயே நேராக எழுதலாமே என்றால் எழுதலாம், நானும் பாதி நாள் அப்படித்தான் செய்கிறேன், ஆனால் மழை, வெயில் கூச்சம், பேட்டரி, நடுவில் வரும் போன்கால் எல்லாம் சேர்ந்து கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும் என்று சொல்ல வைக்கின்றன.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று என் நோட்டிலிருந்தே காட்டுகிறேன்.

செப்டம்பர் 5. காலை 6.10 முதல் 7.05. நான் மட்டும். மேகமூட்டம், மேற்குக் காற்று லேசாக. தண்ணீர்: நடுப்பள்ளத்தில் மட்டும், மடைத்தூணின் அடிக்கல் தெரிகிறது. ஆடு மேய்கிறது.
காகம் 14. மைனா 9. குளத்துக்கொக்கு 11. உண்ணிக்கொக்கு 23, எல்லாம் ஆட்டுக் கூட்டத்தோடு.
சிவப்புமூக்கு ஆள்காட்டி 4.
பனை உழவாரன் 6, தலைக்கு மேல்.
பனங்காடை 0.
சாதா உள்ளான் 1. இந்தப் பருவத்தில் முதல் தடவை. கலுங்குக் கல்லில், பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே.
நாமக்கோழி 0, போன வாரம் 3.
தெரியாதது 1. கருவேல மரத்துக்குள். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சின்னது, பச்சை கலந்த பழுப்பு, வயிறு வெளிர், வரி எதுவும் இல்லை. "ட்செக், ட்செக்" என்று விட்டுவிட்டு.
கீரி 1, மடைப் பக்கம் 6.40க்குக் கரையைக் கடந்தது.
செத்தது: சாரைப்பாம்பு 1, தார் ரோட்டில், நாலடி இருக்கும்.

இவ்வளவுதான். நேரம், ஆள், வானிலை, தண்ணீர் இந்த நான்கும் மேல் வரியில் கட்டாயம் இருக்கட்டும். தண்ணீர் மட்டத்துக்கு அடிக்கணக்கு தேவையில்லை, மடைத்தூணில் எந்தக் கல் வரை என்று எழுதினால் போதும், எல்லா வாரமும் அதே தூணைப் பார்க்க வேண்டும். பூஜ்யம் எல்லாப் பறவைக்கும் போட்டுக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் குறிப்பாகக் கவனிக்கிற ஐந்தாறுக்கும், போன வாரம் இருந்து இந்த வாரம் காணாமல் போனதற்கும் போடுங்கள். அடிபட்டுச் செத்ததையும் தவறாமல் எழுதுங்கள். உயிரோடு கண்ணில் படாத பாம்பும் மரநாயும் பல ஊர்களில் ரோட்டில்தான் முதலில் தெரியவருகின்றன.

எண்ணுவது பலருக்குத் தயக்கம். "ஏராளம்", "கூட்டம் கூட்டமாக" என்று எழுதித் தப்பித்துக்கொள்வார்கள். ஐம்பது வரை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அதற்கு மேல் போனால் முதலில் பத்தை எண்ணிக்கொள்ளுங்கள், அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே அளவு கூட்டத்தில் எத்தனை இருக்கிறது என்று ஓட்டிப் பாருங்கள். சாயங்காலம் நாணலில் அடைய வரும் சோளப்பட்சிக் கூட்டத்துக்குப் பத்து போதாது, ஐம்பதாகவோ நூறாகவோ பிரிக்க வேண்டும். தப்பு வரும், முப்பது நாற்பது முன்னே பின்னே இருக்கும், இருக்கட்டும். "சுமார் 400" என்று எழுதினால் பிற்பாடு வருகிறவன் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும், "ஏராளம்" என்பதை வைத்து அவன் என்ன செய்வான்?

தெரியாததைத் தெரியாதது என்றே எழுதுவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். மேலே சொன்ன அந்தக் கருவேலப் பறவையை நான் மூன்று வாரம் தெரியாததாகவே வைத்திருந்தேன், நாலாவது வாரம்தான் பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று உறுதியானது. பேர் கிடைக்காத நாளில் இதையெல்லாம் எழுதுங்கள்: காகத்தோடும் மைனாவோடும் சிட்டுக்குருவியோடும் ஒப்பிட்டால் எவ்வளவு பெரிது, அலகு தடிப்பா மெல்லிசா, கால் என்ன நிறம், வாலை ஆட்டுகிறதா, தரையிலா மரத்திலா, என்ன தின்றது. புத்தகத்தில் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எழுத வேண்டும். பார்த்துவிட்டு எழுதினால் படத்தில் இருக்கிறதெல்லாம் நாம் பார்த்த பறவைமேல் வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஆனது. தலையும் கழுத்தும் ஆரஞ்சாக ஒரு கொக்கைப் பார்த்து, இந்தப் பக்கத்துக்கே புதுசு என்று நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டேன். இனப்பெருக்கக் காலத்தில் உண்ணிக்கொக்குக்கு அப்படி நிறம் ஏறும். வருஷத்தில் பாதி நாள் ஆட்டுக்குப் பின்னால் வெள்ளையாக அலைகிற அதே கொக்குதான். மடையான் என்று நாம் சொல்கிற குளத்துக்கொக்கும் அந்தச் சமயத்தில் முதுகு சிவந்து வேறு பறவையாகத் தெரியும். குயிலில் ஆண் கறுப்பு, பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி, இரண்டும் இரண்டு பறவை என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர்.

பெயர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்ப் பெயர்கள் அழகானவை, ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கொண்டலாத்தி என்றால் ஓர் ஊரில் நீண்ட அலகும் விசிறிக் கொண்டையுமாகத் தரையைக் கொத்துகிறது, இன்னோர் ஊரில் கொண்டைக்குருவி. செம்போத்தும் செண்பகமும் ஒன்று. வல்லூறு என்று சொன்னால் தெருவில் ஓணான் பிடிக்கிறதா, வானத்தில் புறாவை அடிக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு அகராதி போட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் எழுதும் பெயர், அதற்கு நேரே அறிவியல் பெயர், ஒரே ஒரு தடவை. நோட்டுக்குள்ளே உங்கள் ஊர்ப் பெயரையே எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு அதைப் படிப்பவருக்குக் குழப்பம் வராது, உங்கள் ஊரில் அந்தப் பறவைக்கு என்ன பெயர் என்பதும் அந்தப் பக்கத்தில் நின்றுவிடும்.

இனி மாதங்கள். இது எங்கள் பக்கத்து நடப்பு, உங்கள் ஊரில் ஒன்றிரண்டு வாரம் முன்னே பின்னே இருக்கும். ஆவணியில் சாதா உள்ளான், கரும்சாம்பல் வாலாட்டி. புரட்டாசியில் தகைவிலான் கம்பியில் வரிசை கட்டும், பழுப்புக் கீச்சான் வேலி முனையில் உட்கார்ந்து கரகரவென்று கத்தும், பச்சைப் பஞ்சுருட்டானுக்கு நடுவே கொஞ்சம் பெரிசாக நீலவால் பஞ்சுருட்டான் தெரியும். அக்டோபரில் ஆறுமணிக் குருவி வரும், பலமுறை அதைப் புதரில் பார்ப்பதற்கு முன்னால் யார் வீட்டு வராண்டாவிலாவது களைத்துப்போய் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வரும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரட்டை விசிலாகக் கூப்பிடும், பெயரே அதனால்தான். இந்த "முதல் தேதிகள்" உங்கள் நோட்டின் பொக்கிஷம், வட்டம் போட்டு வையுங்கள்.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பறவையை ஒரு வாரம் மறந்துவிட்டுக் கீழே பாருங்கள். முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் துண்டு மாதிரி பட்டுப்பூச்சி ஊரும், தம்பலப்பூச்சி என்றும் சொல்வார்கள், சங்கப் பாட்டில் மூதாய் என்று வருவதும் இதுதான். இரண்டு மூன்று நாள்தான் மேலே நடமாடும், அப்புறம் காணக் கிடைக்காது. அதே இரவுகளில் பள்ளத்துத் தண்ணீரில் பெரிய தவளைகளில் ஆண் எல்லாம் எலுமிச்சைப் பழ மஞ்சளாகி, தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பையை ஊதிக் கத்தும். வேறு நாளில் பார்த்தால் இந்தச் சேற்று நிறத் தவளைதானா அது என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். ஈசல் எந்தத் தேதியில் பறந்தது, எத்தனை மணிக்கு, அதைத் தின்ன யார் யார் வந்தார்கள் என்று எழுதுங்கள். ஒரு தடவை தெருவிளக்குக் கம்பத்தடியில் பல்லி, தேரை, கரிச்சான், புள்ளி ஆந்தை என்று எட்டு வகை விருந்தாளிகளை எழுதினேன், ஒன்பதாவதாகப் பக்கத்து வீட்டுப் பூனை. நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் மாதிரி வண்ணத்துப்பூச்சிகள் ஒரே திசையில் கூட்டமாகப் போவதைக் கண்டால் ஒரே இடத்தில் நின்று பத்து நிமிஷத்தில் எத்தனை கடந்தன, எந்தத் திசையில் போயின என்பதைக் குறியுங்கள்.

கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் தண்ணீர்ப் பறவைகளின் காலம், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் வரும், நான் சொல்லாமலே எழுதிவிடுவீர்கள். பொங்கல் சமயத்தில் நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015இலிருந்து நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் இன்னொரு கணக்கெடுப்பு. வழக்கமாக எழுதுகிறவருக்கு இதில் கூடுதல் வேலை ஒன்றும் இல்லை, அந்த நாட்களிலும் அதே கரையில் நின்று எழுத வேண்டும், அவ்வளவுதான். மாசியில் இலவ மரம் இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும்போது அதன் அடியில் அரை மணி நேரம் நின்றால் கண்மாயை ஒரு சுற்று வந்த அளவுக்குப் பட்டியல் தேறும். பங்குனியில் குயில் கத்துவது எல்லோருக்கும் தெரியும். மௌனமாக இருந்துவிட்டு முதன்முதலாக எந்த நாளில் வாயைத் திறந்தது என்பது உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கும். வந்தவர்கள் திரும்பிப் போவது இன்னும் கஷ்டமான விஷயம். வந்ததை ஒரே நாளில் சொல்லிவிடலாம், போனதைப் பிற்பாடுதான் சொல்ல முடியும். அதற்காகத்தான் தகைவிலானையும் கீச்சானையும் ஒவ்வொரு வாரமும் சலிக்காமல் எழுதிக்கொண்டே வர வேண்டும், கடைசியாக எழுதிய தேதிதான் போன தேதி.

சித்திரை வைகாசியில் தண்ணீர் சுருங்கும்போது கொக்கும் நாரையும் மீனுக்காக ஒரே பள்ளத்தில் குவியும், அப்புறம் வெறுங்கண்மாய். அந்த மாதங்களில் மரத்தைப் பாருங்கள். ஒரு வேம்பு, ஒரு கொன்றை, ஒரு புளி என்று மூன்று மரத்தைத் தேர்ந்தெடுத்துத் தளிர், பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று வாரம் ஒரு வரி. இதே முறையில் நாடு முழுக்க மரங்களைக் கவனிக்கும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள்கூடச் சேர்ந்து எழுதலாம். வேப்பம்பழம் பழுத்த வாரத்துக்கும் அந்த மரத்தில் வந்து விழுந்த பறவைக்கும் நீங்களே முடிச்சுப் போட்டுவிடுவீர்கள்.

எங்கே ஏற்றுவது? பறவைக்கு ஈபேர்ட். பட்டியலை முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா என்று கேட்கும். அதற்கு ஆமாம் என்று சொல்ல முடிகிற மாதிரி எழுதுங்கள், காகத்தை விட்டிருந்தால் ஆமாம் என்று சொல்ல முடியாது. நின்ற இடத்திலேயே பார்த்தீர்களா, நடந்து பார்த்தீர்களா என்பதையும் கேட்கும், 30 மீட்டருக்குள் என்றால் நின்றது, அதற்கு மேல் என்றால் நடந்தது, தூரத்தையும் போடுங்கள். பூச்சி, பாம்பு, தவளை, செடி, எச்சம், காலடித் தடம் எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட், போட்டோ எடுத்துப் போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். பாறைமேல் விதை விதையாகக் கிடந்த எச்சத்தை ஒரு வாரம் யோசித்துவிட்டுப் போட்டேன், மரநாய் என்று பதில் வந்தது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்ல மெர்லின் என்று ஒரு போன் ஆப் இருக்கிறது. அது சொல்வதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் காதால் கேட்டு உறுதி செய்யாததைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கரிச்சான் வல்லூறு மாதிரிக் கத்தி மற்ற பறவைகளையே ஏமாற்றும், போனை ஏமாற்றுவதா அதற்குக் கஷ்டம்?

பைனாகுலர் இல்லாமலே முதல் ஆறு மாதம் ஓட்டலாம். வாங்குவதாக இருந்தால் 8×42 என்று கேட்டு வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று ஆசைகாட்டுவதை வாங்கினால் கை நடுக்கம்தான் இருபது மடங்காகத் தெரியும்.

சிலவற்றை எழுதலாம், ஊருக்குச் சொல்லக்கூடாது. ஆந்தைப் பொந்து, கிளிப் பொந்து, தேவாங்கு, நட்சத்திர ஆமை, அழுங்கு இவற்றின் சரியான இடத்தைக் குழுவில் போடாதீர்கள், பிடித்து விற்கிறவர்களும் அதே குழுவில் இருக்கலாம். உங்கள் நோட்டில் இடத்தை எழுதுங்கள், வெளியே "மதுரை மாவட்டம்" என்பதோடு நிறுத்துங்கள். கூட்டை நெருங்கிப் படம் எடுப்பதும், போனில் குரலைப் போட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதும் வேண்டாம். கூட்டில் முட்டையை விட்டுவிட்டு வெயிலில் பத்து நிமிஷம் அது வெளியே நின்றாலே என்ன ஆகும் என்று நம் வெயிலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கரையில் இருக்கிறவர்களிடம் பேசுங்கள். மீன் குத்தகைக்காரர், வாத்து மேய்க்க வருகிறவர், ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் நீங்கள் போகாத ஆறு நாளும் அங்கே இருப்பவர்கள். எங்கள் கண்மாயில் ஆடு மேய்க்கும் ஆத்தா ஒருவர் முதல் சில மாதம் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். நிலம் அளக்க வந்த ஆள் என்று நினைத்திருக்கிறார். ஒருநாள் நேராகவே கேட்டார்: "என்னப்பா, வாரா வாரம் வந்து எதையோ எண்ணி எண்ணி எழுதுற?" கொக்கை எண்ணுகிறேன் ஆத்தா என்றேன். சிரித்துவிட்டு, "கொக்க எண்ணி என்னத்துக்கு? நேத்து அந்திக்கு ரெண்டு நரி வந்துச்சே, அத எழுதுனியா?" என்றார். அந்தக் கண்மாயில் நரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எழுதினேன், "சொல்லக் கேட்டது" என்று தலைப்புப் போட்டுத் தனி வரியாக, எந்த இடம், எத்தனை மணி வாக்கில், சொன்னவர் என்ன பார்த்தார் என்பதோடு. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் ஒரே பட்டியலில் கலக்கக்கூடாது, ஆனால் இரண்டாவதைத் தூக்கிப் போடவும் கூடாது. இப்போதெல்லாம் நான் போனதும் ஆத்தாதான் முதலில் தகவல் சொல்கிறார், நோட்டில் ஏறியதா என்று எட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டுதான் நகர்கிறார்.

வருஷம் முடிந்ததும் எக்செல்லில் ஏற்றலாம். ஒரு நாளில் ஒரு உயிரினத்துக்கு ஒரு வரி. தேதி, பெயர், எண்ணிக்கை, குறிப்பு என்று நாலு கட்டம். அழகுக்காகக் கட்டங்களை ஒன்றாக இணைப்பது, நிறம் பூசுவது எல்லாம் வேண்டாம், பிறகு வரிசைப்படுத்தும்போது அதுதான் உதைக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சார்ட் பேப்பரை வாங்கித் தரையில் விரியுங்கள். இடது பக்கம் மேலிருந்து கீழாகப் பெயர்கள், குறுக்கே 52 வாரம். பார்த்த வாரத்துக் கட்டத்தில் எண்ணிக்கை, பார்க்காத வாரத்தில் பூஜ்யம். நீங்கள் போகாத வாரத்தில் எதுவும் எழுதாமல் மேலிருந்து கீழ் வரை பென்சிலால் சாய்கோடு போடுங்கள். "அங்கே இல்லை" என்பதற்கும் "நான் இல்லை" என்பதற்கும் இருக்கிற வித்தியாசம் அந்தச் சாய்கோடுதான். அது இல்லாமல் வெறுமனே காலியாக விட்டால் அடுத்த வருஷம் உங்களுக்கே மறந்துவிடும்.

என்னுடைய முதல் தாளில் புரட்டாசிக் கடைசியில் மூன்று வாரம் சாய்கோடு, காய்ச்சலில் படுத்துவிட்டேன். கோட்டுக்கு முந்திய வாரம் நீலவால் பஞ்சுருட்டான் 0, கோட்டுக்கு அடுத்த வாரம் 26. எந்த வாரத்தில் வந்து இறங்கின என்று கேட்டால் பதில் இல்லை. பனங்காடை வரிசையில் பெரும்பாலும் பூஜ்யம், மார்கழியில் ஒரு 1, மாசியில் ஒரு 2. தாளைச் சுருட்டி அந்தத் தம்பியிடம் கொடுத்து, இதற்கு முந்தைய வருஷங்களுக்கு என்னிடம் கணக்கு இல்லை, இந்த வருஷத்திலிருந்து கேள் என்றேன். பார்த்துவிட்டு அவன் கேட்டது, "அந்த மாசி ரெண்டும் ஜோடியாண்ணே?" அதை நான் எழுதியிருக்கவில்லை. இப்போது குறிப்புக் கட்டத்தில் அதற்கும் இடம் விட்டிருக்கிறேன்.